பேச்சியம்மாவின் ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு

ஓடைக்கல் தோட்டம் பேச்சியம்மாக்காவுக்கு நாலு ரூபாய் எண்பது சதம் கடன். எழுபத்து நாலாம் வருசம், பஞ்சக் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பறித்த முப்பத்திரண்டு ராத்தல் தேயிலைக் கொழுந்துக்கான கூலி அது. ராத்தலுக்குப் பதினைந்து சதம். பெருக்கிப் பார்க்க வேண்டாம், சரியாகத்தான் இருக்கும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் இன்றைக்கு அட்டன் டவுனில் ஒரு கடைக்கும் மூன்று லொறிக்கும் சொந்தக்காரன். படித்துப் பாஸான கிளாக்கர்மார் இரண்டு பேர் என் வாய்க்கணக்கை மெசினில் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுதிக்கொள்வார்கள்.

தோட்டத்து முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிறு அல்லாத கிழமை நாளில் கொழுந்து எடுத்தால் அது மாதச் சம்பளத்தில் சேரும். ஞாயிறு எடுத்தால் நிறுத்த எடைக்கு அங்கேயே, அன்றைக்கே, கையில் காசு. அதனால்தான் அதற்குக் கைக்காசு என்று பெயர். கொழுந்து லொறியில் ஏறுவதற்கு முன் காசு கைக்கு வந்துவிட வேண்டும். அந்த ஞாயிறு வரிசையில் கடைசியாக நின்றது பேச்சியம்மாக்கா. பத்தொன்பது வயது. புதுசாகக் கல்யாணம் முடித்து, லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவுக்கு வந்தவர். அவருடைய முறை வந்ததும் கணக்கப்பிள்ளை பெட்டியை மூடிவிட்டு, "காசு முடிஞ்சிருச்சி, அடுத்த கிழம வா" என்றார்.

அக்கா அடுத்த கிழமை போனார். அதற்கடுத்த கிழமையும் போனார். அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதே தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரத் துரை பெட்டியைக் கட்டினார். புதிதாக வந்த துரை, அது பழைய கம்பெனிக் கடன் என்றார். பிறகு அரசாங்கம் தோட்டத்தை வேறு கம்பெனிக்குக் கொடுத்தது. அந்தத் துரை, அது அரசாங்கக் கடன் என்றார். தேயிலைச் செடி, கொழுந்து அரைக்கும் ஸ்டோர், பங்களா, பங்களா நாய் வரைக்கும் கைமாறியது. இந்த நாலு ரூபாய் எண்பது சதத்தைப் பொறுப்பெடுக்க மட்டும் எந்தப் பெரிய தலைக்கும் தைரியம் வரவில்லை. அவ்வளவு பயங்கரமான தொகை.

புதுத் துரை வந்தால் எல்லோரும் மாலையோடு போவார்கள். பேச்சியம்மாக்கா வெறுங்கையோடு போவார். கை மட்டும் விரிந்திருக்கும். தோட்டத்தில் இருந்த சின்னஞ்சிறுசுகள் அவருக்கு 'கைக்காசுப் பேச்சி' என்று பெயர் வைத்தார்கள். அவருடைய புருசன் செல்லசாமி அண்ணன் நல்ல மனுசன். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போவார், வீட்டுக்கு வந்தால் வாய் திறக்க மாட்டார். அவரே ஒரு நாள் வெறுத்துப்போய், தன் சம்பளத்திலிருந்து அஞ்சு ரூபாயை எடுத்து நீட்டினாராம்.

"இந்தா, ஒன் கைக்காசு. இனிமே ஊரச் சிரிக்க வைக்காத."

"நீ குடுத்தா அது என் வீட்டுக் காசு. என் அடுப்பங்கரையிலிருந்து எடுத்து எனக்கே குடுக்குறியா? தோட்டம் குடுக்கட்டும்."

செல்லசாமி அண்ணன் காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூன்று பேரையும் அக்கா தனியாக நின்று ஆளாக்கினார். ஒருத்தன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மற்ற இரண்டும் கட்டிக்கொடுத்த இடத்தில். பென்சன் வயது தாண்டும் வரைக்கும் கொழுந்தெடுத்தார். எல்லாம் முடிந்த பிறகும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முடியவில்லை.

நான் பதினைந்து வயதில் தோட்டத்தை விட்டுக் கிளம்பினேன். நானுஓயா ஸ்டேசனில் மூட்டை தூக்கினேன். முட்டைக்கோவா மூட்டை, கரட் மூட்டை, சில நாள் ஆட்களின் சூட்கேஸ். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. அதனால் யாருக்கும் நன்றி சொல்லும் செலவும் இல்லை. இன்றைக்கு ஓடைக்கல் தோட்டத்துக் கொழுந்தை ஸ்டோருக்கு ஏற்றும் லொறியே என்னுடையதுதான். முன்கண்ணாடிக்கு மேலே 'முத்துலிங்கம்' என்று எழுதியிருக்கும். தூரத்திலிருந்தே வாசிக்கலாம், அப்படித்தான் எழுதச் சொன்னேன்.

இந்த வருசம் எனக்கு அறுபத்தைந்து. கொழும்பில் வங்கியில் வேலை செய்யும் என் மகள் லோஜினி பிறந்தநாள் பரிசு என்று ஒரு டிக்கட்டை நீட்டினாள். 'அந்தக்கால லயத்து வாழ்க்கை: ஒரு நாள் அனுபவம்.' ஆளுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். இடம், ஓடைக்கல் தோட்டம், பழைய லயம். நான் பிறந்த லயம்.

"அப்பா, நீங்க வளந்த எடத்த நீங்க அனுபவிக்கணும்" என்றாள்.

"நான் அனுபவிச்சு முடிச்சிட்டுத்தான் மகள் வெளிய வந்தேன்."

"டிக்கட் காச திருப்பித் தர மாட்டாங்கப்பா."

போனேன்.

நாங்கள் இருந்த காலத்தில் கூரை ஒழுகுது, கூரை ஒழுகுது என்று சொல்லி என் அப்பாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போது காசு கொடுத்துப் படுக்க ஆள் வருகிறது என்றதும் முழு லயத்துக்கும் புதுத் தகரம். புதுத் தகரம் புதிதாகத் தெரியக்கூடாது என்று அதற்கு மேல் துருப்பிடித்த மாதிரி பெயின்ட். துரு பிடிக்க வைக்கத் தனியாக ஆள் போட்டிருக்கிறார்கள், எங்கள் காலத்தில் அது இலவசமாகப் பிடித்தது. காம்பராவுக்குள் ஒரு சாக்குப் படுதா தொங்கியது. விலக்கிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று கக்கூசு, சுடுதண்ணிப் பைப்பு. அந்தக் காலம் படுதாவோடு முடிந்துவிடுகிறது.

மெனேஜர் கிஷாந்த் கொழும்புப் பையன். சுற்றுலாப் படிப்புப் படித்தவன். என்னையும், லோஜினியையும், இன்னொரு வெள்ளைக்காரப் புருசன் பெண்சாதியையும் வாசலில் நிறுத்தி, லயத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று விளக்கம் சொன்னான். முதலில் இங்கிலீசில், பிறகு எனக்காகத் தமிழில்.

"இந்தச் சின்ன ரூமுக்குள்ள பத்துப் பேர் வரைக்கும் இருந்திருக்காங்க சேர். கற்பனை செஞ்சு பாருங்க."

"பதினொன்னு" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"பதினோராவது ஆள் நான்தான் தம்பி. கதவோரம் படுப்பேன். விடிய வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற எல்லாரும் என்னை மிதிச்சிட்டுத்தான் போவாங்க."

அவன் சந்தோசப்பட்டு அதைப் போனில் குறித்துக்கொண்டான். அடுத்த கிழமை வருகிறவர்களுக்கு என்னை மிதிக்கும் அனுபவமும் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

அடுப்பங்கரையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தது பேச்சியம்மாக்கா. எழுபது வயது. கையில் கண்ணாடி வளையல், இடுப்பில் கொழுந்தெடுக்கிறவர்கள் கட்டும் படங்குச் சாக்கு. என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"என்னடா முத்து, லயத்துக்குள்ள வர காசு குடுத்தியாமே? வெளிய போகும்போது நீ ஒரு சதம் குடுக்கல."

"நீங்க இங்க என்னக்கா வேல பாக்குறீங்க?"

"நான்தான்டா எனக்கு வேல. பேச்சியம்மாவா நடிக்கணும். மாசத்துக்கு இவ்வளவுன்னு சம்பளம். சில நாளு நான் நல்லா நடிக்கலன்னு அந்தத் தம்பி கொறப்படுது."

"என்ன கொற?"

"சிரிச்சிட்டேனாம். அந்தக் காலத்துல நாங்க சிரிக்கலையாம்."

விசயம் இதுதான். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, பழைய கதை ஏதாவது சொல்லுங்க அம்மா என்று கிஷாந்த் கேட்டிருக்கிறான். அக்காவுக்கு ஒரே கதைதான். சொன்னார். அவனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கொழுந்து நிறுத்து முடிந்ததும் நாடகம். வந்தவர்களில் ஒருத்தருக்குக் கணக்கப்பிள்ளைச் சட்டையை மாட்டுவார்கள். அக்கா கையை விரிப்பார். சட்டைக்காரர் "காசு முடிஞ்சிருச்சி, அடுத்த கிழம வா" என்பார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு போவார். எல்லோரும் 'ஐயோ பாவம்' என்று போட்டோ எடுத்து, கேக் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒரு முறை ஏமாற்றப்பட்ட மனுசிக்குக் கிழமைக்குக் கிழமை ஏமாறுவதையே உத்தியோகமாகக் கொடுத்திருக்கிறார்கள். தோட்டம் ஆளை வீணாக்குவதில்லை.

"ஒங்களுக்கு வெக்கமா இல்லையாக்கா?" என்றேன்.

"எனக்கு எதுக்குடா வெக்கம்? எவனாச்சும் ஒருத்தன் வாய் தவறித் தர்றேன்னு சொல்லுவான்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன். இது வரைக்கும் எல்லாவனும் நல்லா பாடமாக்கிட்டு வர்றானுங்க."

அந்தப் பேச்சை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாப்பிட்டதும் கூடையைத் தலையில் மாட்டி மலைக்கு ஏற்றினார்கள். தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கொழுந்து சொல்லித்தர வேண்டுமா என்று நான் முன்னால் நடந்தேன். தண்ணீர் ஓட வெட்டிய முதல் கானிலேயே வழுக்கி விழுந்தேன். கான் புதுசு, எங்கள் காலத்தில் அந்த இடத்தில் இல்லை. கூடைக்கயிறு உச்சந்தலையில் அறுத்தது. என் அம்மாவின் தலையில் அந்த இடத்தில் விரல் அகலத்துக்கு முடியே இருக்காது, ஒரு பள்ளம் இருக்கும். சின்ன வயதில் எல்லோருடைய அம்மாவுக்கும் அது இருக்கும், வகிடு மாதிரி ஒன்று, என்று நினைத்திருந்தேன். அவளுக்குப் பக்கத்திலேயே பதினைந்து வருசம் வளர்ந்தேன். அந்தப் பள்ளம் எதனால் விழுந்தது என்று பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டிய பிறகுதான் உச்சந்தலைக்கு விளங்கியது. அம்மாவிடமே கேட்டிருந்தால் சும்மா சொல்லியிருப்பாள்.

நிறுவைக் கொட்டகையில் என் கூடை மூன்று கிலோ காட்டியது. பேச்சியம்மாக்கா கையை விட்டுத் துழாவினார்.

"இது கொழுந்தா? பூரா முத்தலும் கட்டையும். மாட்டுக்குப் போட்டா மாடு கோவிச்சுக்கும்."

"லொறிக்காரன் கைக்கு இவ்வளவு போதும்."

"லொறிக்காரன் வாய்க்கு நெறுவ இருந்தா இன்னிக்கி நீதான்டா மொதலாளு."

வெள்ளைக்காரி என்னைவிடக் கூட எடுத்திருந்தாள். அதைப் பற்றி இங்கே எழுத அவசியமில்லை.

பிறகு நாடகம். பிறந்தநாள்காரர் என்று கிஷாந்த் கணக்கப்பிள்ளைச் சட்டையை எனக்கே தந்தான். கறுப்புக் கோட்டு, ஒரு தொப்பி. சுற்றிவர ஆட்கள். லோஜினி போனைத் தூக்கிப் படம் பிடித்தாள். கொழுந்து ஏற்ற வந்த என் லொறி பக்கத்திலேயே நின்றது, டிரைவர் நிரோஷன் கதவில் சாய்ந்துகொண்டு தன் முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சியம்மாக்கா வந்து கையை விரித்தார்.

இப்போது நான் சொல்ல வேண்டியது, 'காசு முடிஞ்சிருச்சி.'

என் டிரைவருக்கு முன்னால், என் மகளுக்கு முன்னால், வெள்ளைக்காரனுக்கு முன்னால், முத்துலிங்கம் வாயால் காசு முடிந்துவிட்டது என்று சொல்வதா? நாடகமாக இருந்தால் என்ன, அட்டன் முழுக்கப் பரவுவதற்கு எவ்வளவு நேரமாகும்? கடன் தருகிறவன் எவனாவது கேட்டால் என்ன நினைப்பான்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்.

"காசா? தர்றேன்! தோட்டம் தரும். வா, வாங்கிக்க!"

அக்காவின் கண் என்மேல் அப்படியே நின்றது.

"இன்னொரு தரம் சொல்லுங்க, கணக்கப்பிள்ள ஐயா."

நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். அக்கா நேரே போனார், கட்டி வைத்திருந்த கொழுந்து மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார், கையை விரித்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

கிஷாந்த் ஓடி வந்தான். "அம்மா, ஷோ முடிஞ்சிருச்சு. எழும்புங்க, கேக் சாப்பிடலாம்."

"எங்க தம்பி முடிஞ்சிருச்சி? தர்றேன்னாரு. இன்னும் தரலையே. கைக்காசு குடுத்துட்டுத்தான் கொழுந்த ஏத்தணும். அதான் முற."

நான் கோட்டைக் கழற்றினேன். "அக்கா, நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"சட்டையப் போட்டவன் தோட்டம்டா. அதுக்குள்ள எந்தக் கழுத இருந்தா எனக்கென்ன? அம்பது வருசமா அந்தச் சட்ட தர்றேன்னு சொன்னதே இல்ல. இன்னிக்கிச் சொல்லிருச்சி. எல்லாரும் கேட்டாங்க. ஒம் மக படம் வேற புடிச்சிருக்கா."

கிஷாந்த் சிரித்தான். படித்தவன் அல்லவா, இதற்கெல்லாம் அவனிடம் வழி இருந்தது. காற்சட்டைப் பையிலிருந்து ஒரு அஞ்சு ரூபாய்க் குத்திக்காசை எடுத்தான்.

"நாலு எண்பதுதானே அம்மா? இந்தாங்க அஞ்சு. மிச்சம் வேணாம், வச்சுக்கோங்க."

"இருவது சதம் மிச்சம் குடுக்க எங்கிட்ட இல்ல. எனக்கு இனாமும் வேணாம். நான் பறிச்சது முப்பத்திரெண்டு ராத்தல். அன்னிக்கே தந்திருந்தா அன்னிக்கு வெல. இன்னிக்குத் தந்தா இன்னிக்கு வெல. முத்து, எவ்வளவுடா?"

கணக்கு என்று வந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. "முப்பத்திரெண்டு ராத்தல்னா பதினாலரக் கிலோ. இப்ப கைக்காசு கிலோவுக்கு அம்பது. எழுநூத்தி இருவத்தஞ்சு."

"சேர், நீங்க யாரு பக்கம்?" என்றான் கிஷாந்த்.

"கணக்குப் பக்கம்."

வாய் அப்படிச் சொன்னாலும் வயிறு என் லொறிப் பக்கம்தான் இருந்தது. நேரம் போனால் கொழுந்து மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். ஸ்டோரில் எடுக்க மாட்டார்கள், எனக்கு வாடகையும் கிடையாது. ஸ்டோரிலிருந்து நிரோஷனுக்கு இரண்டு தரம் போன் வந்துவிட்டது. நான் பர்சைத் திறந்து ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினேன்.

"அக்கா, இதப் புடிங்க. எறங்குங்க. என் லொறி நிக்குது."

அக்கா அந்தத் தாளை மேலும் கீழும் பார்த்தார். "தாலி கட்டுனவரு குடுத்தப்பவே வாங்கல. ஒன் லொறிக் காசு எனக்கு எதுக்கு? தோட்டம் குடுத்தாத்தான் அது கைக்காசு. நீ குடுத்தா அது பிச்ச."

ஆயிரம் ரூபாயைப் பிச்சை என்று சொன்ன ஒரே ஆள் இந்த மலைநாட்டில் அவர்தான். நான் தாளை மடித்து உள்ளே வைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

கிஷாந்தின் சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்தினான். "அம்மா, இப்படிச் செஞ்சீங்கன்னா அடுத்த கிழமைக்கு நான் வேற ஆள்தான் பாக்கணும்."

மாதச் சம்பளம் போகும். அது அக்காவுக்கு அரிசி, மருந்து. எல்லோருக்கும் அது விளங்கியது. அக்கா வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"பாருங்க தம்பி. அடுத்த கிழம வேற பேச்சியம்மா வரட்டும். அவளுக்கு நீங்க எவ்வளவு வேணும்னாலும் கடன் வைங்க. இந்தக் கிழம நான்தான் பேச்சியம்மா."

வெள்ளைக்காரி என்ன நடக்கிறது என்று லோஜினியிடம் கேட்டாள். லோஜினி என்ன சொன்னாளோ தெரியாது, அந்த மனுசி கையைத் தட்டிவிட்டு, போய் அடுத்த மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். புருசனும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர்கள் இதையும் டிக்கட்டில் சேர்ந்த அனுபவம் என்றுதான் நினைத்தார்கள். பாவம், காலையிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த ஒரே அசல் சாமான் அதுதான். பேச்சியம்மாக்கா ஏதோ சொந்தக்காரி வந்து உட்கார்ந்த மாதிரி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அக்காவையாவது மிரட்டலாம். காசு கட்டிய வெள்ளைக்காரியை மூட்டையிலிருந்து இழுத்து இறக்க எந்தப் படிப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? கிஷாந்த் கொஞ்சம் தள்ளிப் போய்க் கம்பெனிக்குப் போன் போட்டான். அவன் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"இல்ல சேர், பழைய கடன்... எழுபத்து நாலு சேர்... வருசம் சேர், வருசம்... எழுநூத்தி இருவத்தஞ்சு... இல்ல சேர், லட்சம் இல்ல, ரூபா. வெறும் ரூபா."

மூன்று கைமாறிய தோட்டம், ஐம்பது வருசமாக ஒளித்து ஒளித்து வைத்த கடன், கடைசியில் கம்பெனியில் ஒருத்தன் அது கேக் பெட்டியின் விலையைவிடக் குறைவு என்று கண்டுபிடித்துவிட்டான் போலிருக்கிறது. கிஷாந்த் போனைப் பையில் போட்டுவிட்டு, டிக்கட் காசு வைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அக்கா மூட்டையிலிருந்து இறங்கவில்லை.

"சட்ட" என்றார்.

"என்னம்மா?"

"கணக்கப்பிள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டுக் குடுங்க தம்பி. அந்தச் சட்டதானே தரல."

நான் கோட்டைக் கிஷாந்திடம் கொடுத்தேன். எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது, அவனுக்குத் தொளதொளவென்று தொங்கியது. ஆளுக்கேற்ற சட்டை என்பது ஒன்று இருக்கிறதே. அவன் தாள்களைச் சேர்த்து மடித்து ஒரேயடியாக நீட்டினான்.

"அப்புடி இல்ல. எண்ணி வைங்க. கைக்காசு எண்ணித்தான் வைக்கணும்."

பேச்சியம்மாக்கா இறங்கினார். உள்ளங்கையைப் படங்கில் ஒரு தரம் துடைத்தார். கொழுந்துக் கறை அதில் போகாது, எழுபது வயதில் இனிப் போகவும் போவதில்லை. கையை விரித்து நீட்டினார்.

"ஐந்நூறு" என்றான் கிஷாந்த். அக்காவின் உதடும் கூடவே அசைந்தது. "அறுநூறு. எழுநூறு." ஓர் இருபது ரூபாய்த் தாள் அதற்கு மேல் வந்தது. "எழுநூத்தி இருபது."

பெட்டிக்குள் சில்லறை இல்லை. அவன் கோட்டை விலக்கிக் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டான். சற்று முன் மிச்சம் வேண்டாம் என்று நீட்டிய அதே அஞ்சு ரூபாய்க் குத்தியை எடுத்து, தாள்களுக்கு மேலே, உள்ளங்கையின் நடுவில் வைத்தான்.

"எழுநூத்தி இருபத்தஞ்சு."